வரையாமல் விட்ட அம்பு

கூச்சிங்,
3 மார்ச் 2025

ஃபிளோரா,

வாட்ஸ்ஆப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். போன் அடித்தால் எடுப்பதில்லை. தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

தெமியாங்கில் அந்த விருந்தன்று நீ பேசியதை நான் மறக்கவில்லை. எனக்கு வைத்த வழியனுப்பு விருந்து அது. பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லூரி விரிவுரையாளர்கள் அத்தனை பேர் முன்னாலும், "எனக்கு வரவேண்டிய லீவுலா இது. நிரந்தர வேலைங்கிற ஒரே காரணத்துக்காக இவளுக்குப் போகுது" என்றாய். நான் பாயசத்தைக் குடித்தேன். ஆராய்ச்சிப் படிப்புக்கு எனக்கு ஆறு மாத விடுப்பு கிடைத்தது என் குற்றமா? என் வகுப்பு உன் கைக்குப் போனதும் என் விருப்பம் இல்லை. துறைத் தலைவர் திருச்செல்வம் போட்ட உத்தரவு அது.

விஷயத்துக்கு வருகிறேன். முதலாமாண்டு ஸ்டாட்டிக்ஸ் வகுப்பின் வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து நான் இன்னும் வெளியேறவில்லை. வெள்ளிக்கிழமை அதில் ஒரு படம் வந்தது. என் வகுப்பறைக்கு நடுவில் ஒரு தள்ளுவண்டி. வண்டி நிறைய, தோட்டத்தில் எண்ணெய்க்கு வெட்டுகிற செம்பனைக் குலை. மாணவன் புனிதன் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு பல்லைக் காட்டுகிறான். நீ பின்னால் நின்று கை தட்டுகிறாய். தரையெல்லாம் பழம் உதிர்ந்து கிடக்கிறது.

அது வகுப்பா, குலை நிறுக்கிற இடமா? என் அப்பா காலமெல்லாம் குலை வெட்டினார். மகளாவது தள்ளுவண்டி தள்ளாமல் பலகையில் எழுதிப் பிழைக்கட்டும் என்றுதான் என்னைப் படிக்க வைத்தார். எனக்குப் பலகை போதும். ஒரு பொருளைச் சுற்றியிருப்பவற்றிலிருந்து பிய்த்துத் தனியே வரை. அதன்மேல் விழுகிற விசை ஒவ்வொன்றையும் அம்பாகப் போடு. ஒன்றையும் விடாதே. பதிலுக்குக் கீழே இரண்டு கோடு போடு. அடிப்படையில் தப்பினால் மன்னிப்பு கிடையாது. இதைத்தான் நான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

வகுப்புக்கு ஒருவர்கூட மட்டம் போடுவதில்லை என்று திருச்செல்வம் உன்னைப் புகழ்கிறாராம். என்ன கொடுக்கிறாய், கறிபாப் பலகாரமா? ஜூலையில் நான் திரும்பும்போது என் வகுப்பு நான் விட்டுவிட்டு வந்த மாதிரியே இருக்க வேண்டும்.

மாதவி


லிங்கி,
12 மார்ச் 2025

மாதவிக்கு,

தவக்காலம் முடியும்வரை யாரையும் திட்டுவதில்லை என்று சாம்பல் புதனன்று முடிவு செய்திருந்தேன். உன் கடிதம் வந்தது, போச்சு.

இது நோன்பு மாதம். வகுப்பில் பாதிப் பேர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இவர்களுக்குக் கறிபாப் கொடுத்து ஆள் பிடிக்கிறேனாம்! வயிற்றெரிச்சலில் பேசும்போது நாள்காட்டியையாவது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசு.

முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? உள்ளே போனேன். அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். நான் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ஏன் நிக்கிறீங்க?" என்று கேட்டேன். லிண்டாதான் சொன்னாள்: "மாதவி மேடம் பேர் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கேள்வி கேப்பாங்க மேடம். பதில் சொன்னாத்தான் உக்காரலாம்."

எனக்குப் பெரட்டுதான் ஞாபகம் வந்தது. விடியுமுன்னே வேலையாட்களை வரிசையில் நிற்க வைத்து, மேற்பார்வை பார்க்கிற மண்டோர் பேர் கூப்பிடுவாரே, அது. நீயும் நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்கள். அந்தப் பெரட்டில் நிற்கக் கூடாது என்றுதானே நம் வீட்டில் நம்மைப் படிக்க வைத்தார்கள்? தள்ளுவண்டி வகுப்புக்குள் வந்தது உனக்குக் கேவலமாக இருக்கிறது. பெரட்டை நீ வகுப்புக்குள் கொண்டுவந்தது கேவலமாகத் தெரியவில்லையா?

அன்று ஒரு சின்னக் கேள்வி கேட்டேன். எல்லாத் தலையும் கீழே போய்விட்டது. உன் வகுப்பில் ஊசி விழுந்தால் சத்தம் கேட்கும் என்று பெருமையடிப்பாய். அது பயம், மாதவி. வாயைத் திறக்காவிட்டால் பிள்ளைகள் மக்கு என்பாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அதனால்தான் மணிலா அட்டையை வெட்டி ஆளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று கொடுத்தேன். ஒரு கேள்வி, மூன்று பதில். கணக்குப் போடும் முன்பே எல்லோரும் ஒரே நேரத்தில் ஓர் அட்டையைத் தூக்க வேண்டும். பக்கத்தில் வேறு நிறம் தூக்கியவரோடு சண்டை போட வேண்டும். பிறகு மறுபடி தூக்க வேண்டும். நீ படத்தில் பார்த்த நாளின் கேள்வி, குலையை வண்டியில் எங்கே வைத்தால் தூக்குவது எளிது என்பது. கைப்பிடிப் பக்கம் என்று சிவப்பைத் தூக்கினாள் ஹபீசா. "நீயே தூக்கிப் பாரு" என்றேன். "அலாமாக், பெராட்!" என்று கனம் தாங்காமல் பொத்தென்று வைத்துவிட்டாள். அப்போது உதிர்ந்ததுதான் நீ பார்த்த பழம். அதற்குப் பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில் சுமையை வைத்தால் ஏன் எளிது என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஒன்பது வருடமாக மே மாதம் வந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்று தலைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் நான். நீ சம்பளத்தோடு போய்ப் படிக்கிறாய். விருந்தில் பேசியது தப்புதான். பேசியது பொய் இல்லை.

பிளாக்கை எடுக்க மாட்டேன். நீ அனுப்பும் குரல் செய்தி சாமி ஊர்வலம் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். கடிதத்தில்தான் நான் பேசும்போது உன்னால் குறுக்கே வர முடியாது.

ஃபிளோரா


கூச்சிங்,
24 மார்ச் 2025

ஃபிளோரா,

குறுக்கே வருகிறேனாம். சரி, வரவில்லை.

பெரட்டு என்று எழுதினாயே, அந்தச் சொல் இரண்டு நாள் என்னைத் தூங்க விடவில்லை. பிறகு யோசித்தேன். நிற்க வைத்தால்தான் படிப்பார்கள். நான் அப்படித்தான் படித்தேன். நீயும் அப்படித்தான் படித்தாய். நாம் என்ன கெட்டா போய்விட்டோம்?

இன்னொன்று. அர்ச்சுனன் வகுப்பில் எழுந்து பேசினான் என்று குழுவில் கும்மாளம் போடுகிறார்கள். அர்ச்சுனனா? ஒரு பருவம் முழுக்க அந்தப் பிள்ளை வாயிலிருந்து நான் கேட்டது "பிரசன்ட் மேடம்" மட்டும்தான். நான் அவனை எத்தனை முறை எழுப்பிக் கேட்டிருப்பேன்! மென்மையாகக்கூடக் கேட்டிருக்கிறேன். என்னிடம் பேசாதவன் உன்னிடம் என்ன பேசினான்? எப்படிப் பேச வைத்தாய்? இதை நான் கேட்கக் கூடாதுதான், ஆனாலும் கேட்கிறேன்.

இங்கே எனக்கு யாரையும் தெரியாது. போன வாரம் கருத்தரங்கில் பேராசிரியர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். பதில் தெரிந்ததுதான். ஆனால் வாய் வரவில்லை. குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வயதில் பாதியே ஆன பெண் பதில் சொல்லிவிட்டாள். இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இந்த வரிகளை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அடித்தால் என்ன அடித்தேன் என்று நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சிரிப்புச் சத்தத்துக்குப் பரீட்சையில் மார்க் கிடையாது.

மாதவி


லிங்கி,
8 ஏப்ரல் 2025

மாதவி,

அர்ச்சுனன் கதையைக் கேள். பாலத்தின் நடுவில் ஒரு லாரி நிற்கிறது, எந்தத் தூண் அதிகம் தாங்கும் என்று கேட்டேன். இரண்டும் சமம் என்று எல்லோரும் பச்சையைத் தூக்கினார்கள். ஒரே ஒரு சிவப்பு, அது அர்ச்சுனன். "ஏன்டா?" என்றேன். எழுந்து நின்று சொன்னான்: "லாரி எந்தப் பக்கம் போகப் போகுதோ, அந்தத் தூணுக்கு முன்னாலயே தெரிஞ்சிடும் மேடம். அது மூச்சப் பிடிச்சிக்கிட்டு ரெடியா நிக்கும்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு உட்காரவில்லை, பாரேன்! லாரி நகர்ந்தால் என்ன ஆகும், பிரேக் அடித்தால் என்ன ஆகும் என்று மணி அடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் சொன்ன பதில் தப்பு. ஆனால் அது அவனே யோசித்த தப்பு. உன் வகுப்பில் அதைச் சொல்லியிருந்தால் பருவம் முழுக்க நின்றிருப்பான்.

அதிலிருந்து எனக்கு ஒரு யோசனை வந்து, புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறேன். சொன்னால் தலையில் அடித்துக்கொள்வாய், அதனால் சொல்ல மாட்டேன்.

பதில் தெரிந்தும் வாய் வரவில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் பாவமாக இருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். அடுத்த முறை தப்பாகவாவது எதையாவது சொல்லிவிடு, உயிர் போய்விடாது.

ஃபிளோரா


கூச்சிங்,
24 ஏப்ரல் 2025

திருமதி ஃபிளோரா அந்தோனி அவர்களுக்கு,

வகுப்புக்கு வராத நண்பனுக்காகப் புனிதன் உங்கள் பாடத்தைக் காணொளி எடுத்துக் குழுவில் போட்டிருந்தான். பார்த்தேன்.

கடைப் பெயர்ப்பலகை ஒன்று ஓர் இரும்புக் கம்பியில் தொங்குகிறது. கம்பியின் ஒரு முனை சுவரில், மறுமுனையைச் சுவரின் மேலிருந்து ஒரு கேபிள் சாய்வாக இழுத்துப் பிடித்திருக்கிறது. முதலாமாண்டின் முதல் மாதக் கணக்கு. நீங்கள் பலகையின் எடையைப் போட்டீர்கள், கேபிளின் இழுப்பைப் போட்டீர்கள். சுவர் கம்பியைத் திருப்பித் தள்ளும் விசையைப் போடவே இல்லை. அது இல்லாவிட்டால் பெயர்ப்பலகை சுவருக்குள் புகுந்துவிடும். அந்தத் தப்போடு விடை கண்டுபிடித்து, அதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டீர்கள். அது என் இரண்டு கோடு.

தள்ளுவண்டியையும் வண்ண அட்டையையும் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியாது. திரு. திருச்செல்வத்துக்கு முறைப்படி புகார் எழுதிவிட்டேன். மற்றவர் வாயால் தெரிய வேண்டாம் என்று நானே தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
மாதவி இராஜமாணிக்கம்


லிங்கி,
3 மே 2025

அடியே மாதவி,

நீங்கள், உங்கள் என்று எழுதினால் செருப்பால் அடித்தது வலிக்காது என்று நினைத்தாயா?

திருச்செல்வம் கூப்பிட்டார். உன் புகாரை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார். "என்ன ஃபிளோரா இது, சுவர் தள்றதுகூடத் தெரியாம ஸ்டாட்டிக்ஸ் எடுக்கிறியா?" என்றார். ஒன்பது வருடம்! நான் விளக்க வாயைத் திறக்குமுன், "அதெல்லாம் விசாரணையில சொல்லு" என்று அடுத்ததைச் சொன்னார். மேலிடம் விசாரித்து முடிக்கும்வரை என் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டார்களாம். ஜூன் கடைசியில் பழைய ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் கையெழுத்து விழாவிட்டால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இப்போது கேள். என் புது வழி இதுதான். ஒவ்வொரு பாடத்திலும் வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போடுவேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல், இரண்டு கோடு வரைக்கும் போய்விடுவேன். பிறகு மார்க்கரைக் கீழே வைத்துவிட்டு, "பிடிங்க பார்ப்போம்" என்பேன். தப்பைக் கண்டுபிடித்து, எழுந்துவந்து, பலகையில் திருத்த வேண்டும். டீச்சரே தப்புப் போடுகிறாள் என்று தெரிந்த பிறகு, தான் தப்புப் போட யாருக்குமே பயமில்லை. மற்றவர் படத்தில் விடுபட்டதைத் தேடித் தேடியே தங்கள் படத்தில் ஒன்றையும் விடாமல் போடப் பழகிவிட்டார்கள். நீ ஒரு பருவம் கத்தியும் வராத பழக்கம் அது.

காணொளி பெரிதாக இருந்ததால் புனிதன் இரண்டாக வெட்டிப் போட்டானாம். இரண்டாம் பகுதி அடுத்த நிமிடமே வந்திருக்கிறது. குழுவில் இருக்கிற எல்லோருக்கும் வந்தது உனக்கு மட்டும் வராமல் போகுமா? அதை நீ பார்த்தாயா, பார்க்கவில்லையா? அதை மட்டும் சொல். வேறொன்றும் எழுதாதே.

ஃபிளோரா


கூச்சிங்,
17 மே 2025

ஃபிளோரா,

வந்தது. முதல் பகுதிக்குக் கீழேயே இருந்தது. நான் திறக்கவில்லை.

ஏன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நீ தப்புச் செய்ததைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம், ஃபிளோரா! இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லை யாரோ எடுத்த மாதிரி. அடுத்ததைத் திறந்தால் அந்தச் சந்தோஷம் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் புகாரை எழுத உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

உன் கடிதம் வந்த பிறகுதான் திறந்தேன். நீ மார்க்கரை வைக்கிறாய். "பிடிங்க பார்ப்போம்" என்கிறாய். அர்ச்சுனன் முன்னால் வருகிறான். என் அர்ச்சுனன். சுவரிலிருந்து ஓர் அம்பை இழுத்து, "இத விட்டுட்டீங்க மேடம், போர்டு சுவத்துக்குள்ள போயிடும்" என்கிறான். எல்லோரும் கை தட்டுகிறார்கள். அவன் திரும்பி உன்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, என் பக்கம் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து எழுதினேன், தரம் என்று, அடிப்படை என்று.

உன் வேலைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. திருச்செல்வத்துக்கு எழுதிவிட்டேன். நான் பாதியைப் பார்த்துவிட்டுப் புகார் கொடுத்தேன், மீதி இருப்பது தெரிந்தும் பார்க்கவில்லை, தப்பு என்மேல் என்று. நம் துறையில் எல்லோருக்கும் நகல் போட்டிருக்கிறேன். விருந்தில் நீ பேசியபோது இருந்த அத்தனை பேருக்கும்.

நேற்று ஆசிரியர் தினம். குழுவில் உனக்கு வாழ்த்து குவிந்தது. எனக்கு ஒருவரும் போடவில்லை. நான் ஒருத்தி அந்தக் குழுவில் இருப்பதே மறந்துபோயிருக்கும். அது நியாயம்தான். ஆனால் வலிக்கிறது.

மாதவி


லிங்கி,
9 ஜூன் 2025

மாதவி,

உடனே பதில் எழுதியிருந்தால் கெட்ட வார்த்தை வந்திருக்கும், அதனால் ஆறப் போட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உன் இரண்டாவது கடிதத்தை வைத்துக்கொண்டு திருச்செல்வத்தால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. "ஒருத்தி பாதி வீடியோ பாக்குறா, இன்னொருத்தி பாதி உண்மைய போர்டுல எழுதுறா. நல்லா வந்து வாய்ச்சீங்க" என்றார். எனக்கு அடுத்த பருவம் வேறு வகுப்பு. ஜூலையில் இந்தப் பிள்ளைகள் உனக்கே திரும்பி வருகிறார்கள். அதில் எனக்கு ஒரு துளியும் சந்தோஷம் இல்லை என்பதைத் தெரிந்துகொள்.

நான் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். திருச்செல்வம் என்னைக் கூப்பிட்டதற்கு மறுநாள், கோபத்தில், உன் புகாரைப் பேர் போடாமல் பலகையின் ஓரத்தில் எழுதினேன். பார்த்தது இது, அறிந்தது இது, எனவே முடிவு இது என்று வரிசையாக, நீ எழுதியபடியே. கடைசியில், "அடிப்படையில் தப்பினால் மன்னிப்பு கிடையாது." அதற்குக் கீழே இரண்டு கோடு. மார்க்கரை வைத்துவிட்டு, "இன்னிக்குக் கணக்கு இதான். பிடிங்க பார்ப்போம்" என்றேன். உன்னை அவர்கள் கிழிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், மாதவி. உன்மேல் ஆணை.

ஒருவரும் அட்டையைத் தொடவில்லை. லிண்டா மெதுவாகக் கேட்டாள்: "மேடம், இது மாதவி மேடமா?" புனிதன் சொன்னான்: "அவங்கதான்லா. வேற யாரு இப்படி மன்னிப்பு கிடையாதுன்னு சொல்லுவா?" யாரோ சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. வீட்டில் அப்பாவின் இருமலைக் கேட்டுச் சிரிக்கிற மாதிரி.

எனக்குச் சுருக்கென்றது. ஒரே வரியில் உன்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வாழ்த்துப் போட மறந்த பிள்ளைகள்தான். நாளைக்கு நான் இல்லாமல் போனால் எந்த வரியில் என்னைக் கண்டுபிடிப்பார்கள்? அந்த வகுப்பு கடைசிவரை என்னுடையது ஆகவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். உன்மேல் உள்ள பொறாமையில்தான் அழுதேன்.

அர்ச்சுனன் எழுந்துவந்தான். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தான். "போட்டதெல்லாம் சரி மேடம். ஒரு விசையப் போடாம விட்டுட்டாங்க. அதான் நேரா சுவத்துக்குள்ள பாய்ஞ்சிடுச்சு" என்றான்.

"என்ன விசை? வந்து போடு" என்று மார்க்கரை நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. "அது என்னன்னு அவங்களுக்குத்தான் தெரியும் மேடம். அவங்களே வந்து போடட்டும்லா" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான்.

அந்தப் பலகையின் ஓரத்தை இதுவரை யாரும் அழிக்கவில்லை. நானும் அழிக்கவில்லை. எழுதியது தப்பென்று தெரிந்தும் அழிக்க மனம் வரவில்லை.

ஃபிளோரா


கூச்சிங்,
17 ஜூன் 2025

ஃபிளோரா,

பலகையில் அதை எழுதியதற்காக உன்மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் கருத்தரங்கில் பேராசிரியர் கேள்வி கேட்டார். கையைத் தூக்கினேன். தப்பான பதில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சொன்ன மாதிரி உயிர் போகவில்லை.

ஜூலை ஏழாம் தேதி முதல் வகுப்பு. நீ வந்து கடைசி வரிசையில் உட்கார வேண்டும், அந்த மூன்று அட்டையோடு. யாரையும் நிற்கச் சொல்ல மாட்டேன். நான்தான் நிற்பேன். அதுவரை அந்தப் பலகையை யாரும் தொட வேண்டாம் என்று அர்ச்சுனனிடம் சொல்லிவை.

விட்டுப்போன அம்பை நானே போடுகிறேன். பக்கத்தில் 'பொறாமை' என்று அதன் பெயரை எழுதுகிறேன். அதற்குக் கீழே இரண்டு கோடும் போடுகிறேன்.

மாதவி